38 வயசுல ஹோம் ரன் மழையா? பேஸ்பால்ல மருந்து சந்தேகத்தை எப்படி எடை போடறது (புதுசா பாக்கறவங்களுக்கு)

அமெரிக்க பேஸ்பாலை புதுசா பாக்க ஆரம்பிச்சவங்க யாரா இருந்தாலும் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துடுவாங்க. வயசான ஸ்டார் ஒருத்தர், முப்பத்தேழு முப்பத்தெட்டு இருக்கும், பந்தை ஸ்டேடியத்துக்கு வெளிய அனுப்பறார், கமெண்டேட்டர் "இந்த வயசுலயும் பாருங்க"னு புகழ்ந்து தள்றார், ஆனா ரொம்ப வருஷமா கேம் பாக்கற ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா லேசா சிரிச்சுட்டு "ம்ம்... என்ன சாப்பிடறாரோ"ன்னு ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்புக்குப் பின்னாடி முப்பது வருஷக் கதை இருக்கு, கோர்ட்டு கேஸு இருக்கு, பார்லிமெண்ட் மாதிரி விசாரணை இருக்கு. அது தெரியாம எல்லாரையும் சந்தேகப்படறதும் தப்பு, ஐயோ பாவம்னு எல்லாரையும் நம்பறதும் தப்பு. ஒரு பேரு காதுல விழுந்தா எந்த வரிசையில யோசிக்கணும்னு கீழ ஸ்டெப் ஸ்டெப்பா எழுதறேன். சில ஸ்டெப் நீளம், சிலது ரெண்டு வரில முடிஞ்சுடும்.

ஸ்டெப் 1: வயசு சாதாரணமா என்ன பண்ணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

மேஜர் லீக்ல ஒரு டீமுக்கு ஒரு சீசன்ல 162 மேட்ச். மார்ச் கடைசில இருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், நைட் கேம் முடிச்சு பிளைட் ஏறி மறுநாள் வேற ஊர்ல இறங்கி திரும்ப ஆட்டம். பேட்டருங்க பெரும்பாலும் 26ல இருந்து 29 வயசுக்குள்ள உச்சத்துல இருப்பாங்க, முப்பதைத் தாண்டினா மெதுவா இறங்குவாங்க, 35க்கு மேல இறக்கம் செங்குத்தா ஆயிடும். முதல்ல போறது கால் வேகம். அடுத்து, 95 மைல் வேகத்துல வர்ற பந்துக்கு நேரத்துக்கு பேட்டைக் கொண்டு வர்ற அந்தத் துரிதம். எந்தப் பந்தை விடணும் எதை அடிக்கணும்ங்கற கண்ணும் புத்தியும் மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும், சில பேருக்கு வயசாக ஆக கூடவும் செய்யும்.

இதுக்கு விதிவிலக்கு எப்பவுமே உண்டு, ஸ்டீராய்டு பத்தி யாரும் பேசாத காலத்துலயே உண்டு. டெட் வில்லியம்ஸ் 1957ல, 39 வயசு ஆகற வருஷம், .388 ஆவரேஜ் (ஆயிரம் தடவைக்கு 388 ஹிட்) அடிச்சார். நோலன் ரயன்ங்கற பிட்சர் (பந்து போடறவர்) 1991ல 44 வயசுல எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்காம முழு மேட்ச் போட்டார், அது அவருக்கு ஏழாவது தடவை. ஜேமி மோயர் 2012 ஏப்ரல்ல 49 வயசுல ஒரு மேட்ச் ஜெயிச்சார், அன்னைக்கு அவர் போட்ட எந்தப் பந்தும் 80 மைலைத் தொடலை, முழுக்க மூளையும் கையோட நெளிவும்தான்.

அதனால வயசான காலத்துல நல்லா ஆடறதை மட்டும் வெச்சு சந்தேகப்படாதீங்க. சந்தேகம் எங்க வருதுன்னா, தன்னோட 27 வயசு ஆட்டத்தையே 37 வயசுல ஒருத்தர் தூக்கி சாப்பிடும்போது. பேரி பாண்ட்ஸ் கதை இதுதான். 1999 முடியும்போது அவர் கணக்குல 445 ஹோம் ரன், அதுக்கு முன்னாடியே மூணு தடவை எம்விபி (அந்த வருஷத்து சிறந்த ஆட்டக்காரர் விருது), அப்பவே அவர் பெரிய மேதைதான், அதுல யாருக்கும் ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா 2000 சீசன்ல இருந்து ரிட்டயர் ஆகறதுக்குள்ள இன்னும் 317 அடிச்சார். 2001ல மட்டும் 73, அந்த ஜூலைல அவருக்கு 37 ஆச்சு. 2004ல 40 வயசைத் தொட்ட வருஷம் .362 ஆவரேஜ், 232 வாக் (நாலு தப்பான பந்து வந்தா அடிக்காமலே முதல் பேஸுக்குப் போறது), அதுல 120 தடவை எதிர் டீம் பிட்சர் "உனக்குப் பந்தே போடல, நீ சும்மா போய் பேஸ்ல நில்லு"ன்னு வேணும்னே விட்டது. பேட்டிங் பிடிச்ச தடவைல அறுபது சதவீதத்துக்கு மேல அவுட் ஆகாம பேஸுக்குப் போயிருக்கார். இருபது வயசுப் பசங்ககூட பண்ணாததை நாப்பதுல பண்ணினா ஊர் பேசத்தான் செய்யும்.

ஸ்டெப் 2: மருந்து கிழட்டு உடம்புக்கு என்ன குடுக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

புதுசா வர்றவங்க பொதுவா தப்பா புரிஞ்சுக்கறது இங்கதான். ஸ்டீராய்டுன்னா புஜம் பெருசாகும், பெருசானா பந்து தூரம் போகும், அவ்வளவுதான்னு நினைச்சுடறாங்க. இளவயசு ஆளுக்கு அது ஓரளவு சரி. வயசானவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் உடம்பு திரும்ப எழுந்து நிக்கற வேகம். ஜிம்ல வெயிட் தூக்கினா தசை நார் கொஞ்சம் கொஞ்சம் சேதமாகும், அது ஆறி வலுவாக நேரம் எடுக்கும், 24 வயசுல மறுநாளே ரெடி, 38ல மூணு நாள் வலிக்கும், அதுக்குள்ள நாலு மேட்ச் வந்துடும். டெஸ்டோஸ்டிரோன் சார்ந்த மருந்துங்க அந்த ஆறுற நேரத்தைக் குறைக்குது, அதனால அவரால ஆகஸ்ட் மாசத்துலயும் ஏப்ரல் மாதிரியே ப்ராக்டிஸ் பண்ண முடியுது. மருந்து கண் பார்வையையோ டைமிங்கையோ குடுக்காது. ஏற்கனவே அதெல்லாம் இருக்கற ஒரு மேதைக்கு உடம்பு ஒத்துழைக்காம போற அந்த ஒரு குறையை அடைக்கும், அதான் வயசான ஸ்டாருங்களுக்கு இது இவ்வளவு ஆசை காட்டுது.

இதை நானா சொல்லல. ஹோம் ரன்னுக்குப் பேர்போன மார்க் மெக்வயர், ஸ்டீராய்டு எடுத்ததை 2010ல ஒத்துக்கிட்டப்போ அவர் சொன்ன காரணமே காயத்துல இருந்து சீக்கிரம் தேறணும்னுதான். ஆண்டி பெட்டிட்னு ஒரு பிட்சர், 2002ல முழங்கை காயத்துக்காக வளர்ச்சி ஹார்மோன் போட்டுக்கிட்டதா 2007 டிசம்பர்ல ஒத்துக்கிட்டார், அதுவும் அதே கதைதான், டீமுக்கு சீக்கிரம் திரும்பணும்னு.

இதுக்கு மேல, கிரீனின்னு சொல்ற ஆம்ஃபெடமின் மாத்திரை ஒண்ணு உண்டு. அது புஜத்துக்கு இல்ல, தூக்கத்தையும் அலுப்பையும் விரட்டறதுக்கு. பல பத்து வருஷமா டிரெஸ்ஸிங் ரூம்ல சாதாரணமா புழங்கினது, லீக் அதுக்கு டெஸ்ட் ஆரம்பிச்சதே 2006லதான். "அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் சுத்தம்"னு யாராவது கண்ணைத் துடைச்சுக்கிட்டு சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதனால போட்டோவைப் பாத்து தீர்ப்பு சொல்ற பழக்கத்தை விட்டுடுங்க. பாண்ட்ஸ் விஷயத்துல அவர் தொப்பி சைஸ் மாறினது வரைக்கும் கோர்ட்டுல சாட்சியமா வந்துச்சு, அது உண்மைதான், ஆனா அது ஒரு ஆளு. பார்டோலோ கொலோன் 2012ல டெஸ்டோஸ்டிரோனுக்கு மாட்டினப்போ 39 வயசு, தொப்பையும் தொந்தியுமா ரெண்டு பந்து போட்டா மூச்சு வாங்கிடுவார் போலன்னு தோணற உடம்பு. அவரைப் பாத்து யாரு ஸ்டீராய்டுன்னு சொல்லியிருப்பா?

ஸ்டெப் 3: ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி பந்து, கிரவுண்டு, வேலை, நாள் கணக்கு பாருங்க

இந்த ஸ்டெப்பைத் தாண்டிக் குதிக்கறவங்கதான் அதிகம், அதனால நிதானமா.

கிரவுண்டு: பேஸ்பால்ல ஒவ்வொரு ஸ்டேடியத்துக்கும் ஒவ்வொரு அளவு, காத்து வேற, உயரம் வேற. டென்வர்ல கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரத்துல ஆடறாங்க, காத்து லேசு, பந்து பறக்கும். ஹேங்க் ஆரன் தன் வாழ்க்கையிலேயே அதிகமா 47 ஹோம் ரன் அடிச்சது 1971ல, 37 வயசுல. இதை இன்னைக்கு ஒருத்தர் பண்ணினா கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. ஆனா அவர் டீம் 1966ல மில்வாக்கீல இருந்து அட்லாண்டாவுக்குப் போச்சு, அந்த ஸ்டேடியத்துக்குப் பட்டப்பேரே "லான்ச்சிங் பேட்", அப்போ இருந்த மேஜர் லீக் கிரவுண்டுங்கள்லயே உயரமான இடம்.

பந்து: 2019 சீசன்ல லீக் முழுக்க சேர்த்து 6,776 ஹோம் ரன் போச்சு, அது ரெக்கார்டு. எல்லாரும் ஒரே வருஷத்துல மருந்து சாப்பிட்டாங்களா என்ன? பந்து காத்துல போகும்போது இழுவை குறைஞ்சிருந்துச்சு, அதான் பெரிய காரணம்னு ஆராய்ஞ்சவங்க சொன்னாங்க. அதனால ஒருத்தர் எண்ணிக்கையைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த வருஷம் லீக் சராசரி எப்படின்னு பாத்துடுங்க.

வேலை: டெசிக்னேட்டட் ஹிட்டர்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அந்த ஆளு ஃபீல்டிங்கே பண்ண வேண்டாம், பேட் மட்டும் பிடிச்சா போதும். அமெரிக்கன் லீக்ல 1973ல இருந்து, நேஷனல் லீக்ல 2022ல இருந்து நிரந்தரமா இருக்கு. முட்டி தேஞ்ச ஆளுக்கு இதைவிட என்ன வேணும். ஒருத்தர் 39 வயசுல நல்லா அடிக்கறார்னா அவர் வெயில்ல மூணு மணி நேரம் நிக்கறாரா, பெஞ்சுல உக்காந்துட்டு நாலு தடவை எழுந்து போறாரான்னு பாருங்க.

நாள் கணக்கு: இதுக்கு ரவுல் இபானியஸ் கதைதான் சரியான பாடம். 2009ல சியாட்டில்ல இருந்து பிலடெல்பியாவுக்கு வந்தார், ஜூன்ல 37 முடிஞ்சது, ஜூன் நடுவுக்குள்ள 22 ஹோம் ரன். உடனே சந்தேகம் கிளம்பிடுச்சு. மனுஷன் கொதிச்சுப் போயிட்டார், சிறுநீர் வேணுமா, ரத்தம் வேணுமா, என்ன வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு நேரடியா சவால் விட்டார். நடந்தது என்ன? இடுப்புப் பக்கம் காயம் வந்து உக்காந்தார், திரும்பி வந்து மீதி சீசன்ல அடிச்சது 12, மொத்தம் 34. பிட்சர்களுக்குச் சாதகமான சியாட்டில் கிரவுண்டுல இருந்து பேட்டர்களுக்குச் சாதகமான பிலடெல்பியா கிரவுண்டுக்கு வந்தது ஒண்ணு, ரெண்டரை மாசம் சூடு பிடிச்சது ஒண்ணு, அவ்வளவுதான் கணக்கு. அவர் எந்த டெஸ்ட்லயும் மாட்டினது கிடையாது. 2013ல சியாட்டிலுக்கே திரும்பப் போய் 41 வயசுல 29 அடிச்சார், அந்த வயசுல டெட் வில்லியம்ஸ் வெச்சிருந்த எண்ணிக்கைக்குச் சமம். ரெண்டு மாச ஃபார்மை வெச்சு ஒரு மனுஷனோட பேரைக் கெடுக்கறது எவ்வளவு சுலபம்னு இதுல தெரியும்.

ஸ்டெப் 4: எந்த வருஷம்னு பாருங்க, அந்த வருஷம் ரூல் என்ன இருந்துச்சுன்னு பாருங்க

1998ல மெக்வயரும் சாமி சோசாவும் ஹோம் ரன் ரெக்கார்டைத் துரத்தினாங்க, மெக்வயர் 70ல முடிச்சார், சோசா 66. அந்த ஆகஸ்ட்ல ஒரு செய்தி ஏஜென்சி நிருபர் மெக்வயரோட லாக்கர்ல திறந்த தட்டுல ஒரு பழுப்பு பாட்டிலைப் பாத்தார், ஆண்ட்ரோஸ்டீன்டயோன்னு லேபிள். ஒளிச்சுக்கூட வைக்கல. ஏன்னா அப்போ அது கடையில வாங்கக்கூடிய பொருள், ஒலிம்பிக்ஸ்ல தடை, ஆனா பேஸ்பால் லீக்ல தடை இல்ல. எழுதின நிருபர் மேலதான் நிறைய பேரு பாய்ஞ்சாங்க, ஊரே கொண்டாடிட்டு இருக்கும்போது என்ன வேலை உனக்குன்னு.

சுருக்கமா ரூல் வரலாறு இதுதான். 2003ல முதல் தடவையா பேரு வெளிய வராத ஒரு சர்வே டெஸ்ட், அஞ்சு சதவீதத்துக்கு மேல பாசிட்டிவ் வந்தா அடுத்த வருஷத்துல இருந்து நிஜ டெஸ்ட்னு ஒப்பந்தம், வந்துச்சு. 2005ல முதல் தடவை மாட்டினா 10 நாள் சஸ்பென்ஷன், சிரிப்புதான். அமெரிக்க காங்கிரஸ் கூப்பிட்டு வறுத்தெடுத்ததும் 2006ல இருந்து 50 மேட்ச், ரெண்டாவதுக்கு 100, மூணாவதுக்கு ஆயுள் தடை. 2014ல அது 80, 162னு ஏறுச்சு. வளர்ச்சி ஹார்மோனுக்கு சீசன் நடுவுல ரத்த டெஸ்ட் வந்தது 2013ல. அதனால 1999ல ஆடினவர் "நான் ஒரு டெஸ்ட்லயும் ஃபெயில் ஆகல"ன்னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல, டெஸ்டே இல்லையே. 2016ல ஆடினவர் சொன்னா அதுக்கு ஓரளவு எடை குடுக்கலாம்.

ஸ்டெப் 5: சந்தேகம் எங்க இருந்து வந்துச்சுன்னு தரம் பிரிங்க

எனக்கு இதுதான் முக்கியமான ஸ்டெப். நான் பாத்த வரைக்கும் பெரிய தலைங்க பலரை மாட்டிவிட்டது சிறுநீர் பாட்டில் இல்ல, காகிதம். செக்கு, நோட்டு, கணக்கு புஸ்தகம், கூட இருந்த ஆளோட வாய். நம்பர் சந்தேகத்தைக் கிளப்பும், அதோட நின்னுடும்.

பாண்ட்ஸும் பிட்சர் ரோஜர் கிளெமென்ஸும் லீக் டெஸ்ட்ல ஸ்டீராய்டுக்காக ஒரு நாள்கூட சஸ்பெண்ட் ஆனதில்ல. பாண்ட்ஸ் பேரு அடிபட்டது 2003 செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோ பக்கம் பால்கோங்கற லேப்ல அரசாங்க ரெய்டு நடந்ததால. விக்டர் கான்ட்டேங்கறவர் நடத்தினது, அங்க "கிளியர்"னு ஒரு சொட்டு மருந்து, "கிரீம்"னு ஒரு களிம்பு. கிளியரை எந்த டெஸ்டும் கண்டுபிடிக்காது, ஏன்னா அப்படி ஒரு ஸ்டீராய்டு இருக்கறதே யாருக்கும் தெரியாது. ஒரு ஓட்டப்பந்தய கோச் பயன்படுத்தின ஊசி ஒண்ணை ஊக்கமருந்து ஏஜென்சிக்கு அனுப்பி வெச்சார், லாஸ் ஏஞ்சலஸ்ல டான் கேட்லினோட லேப்ல அதுல ஒட்டிட்டு இருந்த மிச்சத்தை வெச்சு அது என்னன்னு கண்டுபிடிச்சாங்க. பாண்ட்ஸ் கிராண்ட் ஜூரி (கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற குழு) முன்னாடி சொன்னது, ட்ரெய்னர் குடுத்தது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலி களிம்புனு நினைச்சேன்னு. அந்த ட்ரெய்னர் க்ரெக் ஆண்டர்சன் சாட்சி சொல்ல மாட்டேன்னு ஜெயிலுக்கே போனார், வாயைத் திறக்கல. 2011ல ஜூரி பொய் சாட்சி குற்றச்சாட்டுல ஒரு முடிவுக்கு வரல, விசாரணைக்கு இடைஞ்சல்னு ஒண்ணுல மட்டும் குற்றவாளின்னாங்க. எதுக்குன்னா, ஊசி ஏதாவது குடுத்தாரான்னு கேட்டப்போ நேரா பதில் சொல்லாம நான் பிரபலத்தோட பையன், எங்க அப்பா பேஸ்பால் ஆடினவர்னு சுத்தி வளைச்சுப் பேசினதுக்கு! 2015ல அதையும் அப்பீல் கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. சட்டப்படி பாத்தா அவர் மேல இன்னைக்கு ஒண்ணும் இல்ல, ரசிகர்கள் மனசுலதான் நிறைய இருக்கு.

கிளெமென்ஸ் கதையில தேதி பாக்கக் கத்துக்கலாம். 1993ல இருந்து 96 வரை பாஸ்டன்ல 40 வெற்றி 39 தோல்வி, ஆளு முடிஞ்சார்னு டீம் மேனேஜ்மெண்ட் கையைக் கழுவிடுச்சு. டொராண்டோவுக்குப் போனார், 97ல 21 வெற்றி 7 தோல்வி, 98ல திரும்ப 20 வெற்றி, ரெண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு. 2005ல ஹூஸ்டன்ல 43 வயசைத் தொட்ட சீசன்ல ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்குடுத்த ரன் சராசரி 1.87தான். 2007 டிசம்பர்ல மிட்செல் ரிப்போர்ட் (லீக் கேட்டு முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் நடத்தின மருந்து விசாரணை) வந்துச்சு, எண்பத்தொன்பது பேரோட பேரு, நிறைய செக் நகல்களோட. அதுல அவருடைய பழைய ட்ரெய்னர் பிரையன் மெக்நேமி, நான்தான் ஊசி போட்டேன்னார். எப்போ இருந்துன்னு பாருங்க: 1998 நடுவுல இருந்து. அப்போ 97ல வந்த அந்த மறுபிறவிக்கு என்ன பதில்? குற்றம் சாட்டினவர் சொன்னதை அப்படியே நம்பினாலும் அந்த வருஷம் கணக்குல வராது, ஆனா நிறைய பேரு ரெண்டையும் சேர்த்து ஒரே மூட்டையா கட்டிடுவாங்க. மெக்நேமி ஊசியும் பஞ்சும் ஒரு பியர் கேன்ல போட்டு வருஷக்கணக்கா பத்திரமா வெச்சிருந்தார், அது கோர்ட்டுக்கே வந்துச்சு, ஜூரி நம்பல, 2012 ஜூன்ல கிளெமென்ஸ் எல்லாக் குற்றச்சாட்டுல இருந்தும் விடுதலை.

அலெக்ஸ் ரோட்ரிகஸ் மூணாவது. 2001ல இருந்து 2003 வரை மருந்து எடுத்துக்கிட்டதா 2009ல அவரே ஒத்துக்கிட்டார், சரி தீந்துச்சுன்னு பாத்தா 2013 ஜனவரில மயாமி பக்கம் பயோஜெனிசிஸ்னு வயசைக் குறைக்கற கிளினிக் ஒண்ணோட நோட்டுப் புஸ்தகங்க பத்திரிகைக்கு வந்துச்சு. அங்க வேலை பார்த்த ஒருத்தர் பணத் தகராறுல தூக்கிக் குடுத்தது. டோனி போஷுங்கறவர் நடத்தினது, வாயில போட்டுக்கற டெஸ்டோஸ்டிரோன் மிட்டாய் மாதிரி ஒண்ணு, ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டா ஆட்டம் முடியறதுக்குள்ள உடம்புல இருந்து போயிடும்னு போஷே பின்னாடி டிவில சொன்னார். 38 வயசுல ரோட்ரிகஸுக்கு 211 மேட்ச் தடை, அப்பீல்ல 162 ஆச்சு, 2014 சீசன் முழுக்கப் போச்சு. பாசிட்டிவ் டெஸ்ட் இல்லாம, நோட்டும் சாட்சியும் வெச்சே குடுத்த தண்டனை.

இனிமே ஒரு பேரு காதுல விழுந்தா இந்த வரிசையில கேளுங்க: லீக் அறிவிச்ச சஸ்பென்ஷனா? அவரே ஒத்துக்கிட்டாரா? ஆவணம் இருக்கா? கூட இருந்தவர் சத்தியம் பண்ணி சொன்னதா? இல்ல நம்பரும் புஜமும் மட்டுமா? கடைசி ரகமா இருந்தா வாயில வராம மனசுல வெச்சுக்கறதுதான் நல்லது. பிடிக்காத ஆளுன்னா நம்மளுக்கு புஜம் மட்டுமே போதும், பிடிச்ச ஆளுன்னா செக்கையே காட்டினாலும் போதாது. பாண்ட்ஸ் பத்திரிகைக்காரங்ககிட்ட சிரிச்சுப் பேசியிருந்தா அவர் கதை கொஞ்சம் வேற மாதிரி எழுதப்பட்டிருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

ஸ்டெப் 6: அறிவிப்பு வந்தா மருந்து பேரைப் படிங்க, சாக்கை அப்புறம் படிங்க

யாராவது சஸ்பெண்ட் ஆனா லீக் அறிவிப்புல பொருளோட பேரு இருக்கும். அதுல பாதிக் கதை வந்துடும்.

ஸ்டேனோசோலோல்னு இருந்தா பழைய காலத்து கனமான ஸ்டீராய்டு, 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல பென் ஜான்சன் மாட்டினது இதுல. ராஃபேல் பால்மெய்ரோ 2005 மார்ச்ல காங்கிரஸ் விசாரணையில ஆள்காட்டி விரலை நீட்டி "நான் ஸ்டீராய்டு எடுத்ததே இல்ல"ன்னு அடிச்சுச் சொன்னார். ஜூலைல 3,000மாவது ஹிட், ஊரெல்லாம் வாழ்த்து. ஆகஸ்ட் 1ம் தேதி ஸ்டேனோசோலோலுக்கு சஸ்பென்ஷன், வயசு 40. டீம்மேட் குடுத்த வைட்டமின் பி12 ஊசில கலந்திருக்கலாம்னார். அந்த நீட்டின விரல் படம் இன்னைக்கும் அவரை விடல.

ஹெச்.சி.ஜி.னு இருந்தா அது பெண்களுக்குக் கருத்தரிப்பு சிகிச்சைல குடுக்கற ஹார்மோன். மேனி ரமிரெஸ் 2009 மே மாசம், 37 ஆகப் போற நேரத்துல, இதோட சம்பந்தப்பட்டு 50 மேட்ச் வாங்கினார். ஸ்டீராய்டை நிறுத்தினதும் உடம்பு சொந்தமா டெஸ்டோஸ்டிரோன் சுரக்க மறந்திருக்கும், அதைத் திரும்பத் தூண்டி விடறதுக்கு ஆம்பளைங்க இதை எடுப்பாங்க. டாக்டர் எழுதிக் குடுத்ததுன்னு அவர் சொன்னார். 2011ல திரும்ப மாட்டி 100 மேட்ச் வரும்னதும் ரிட்டயர் ஆயிட்டேன்னு கிளம்பிட்டார்.

ஃப்யூரோசமைடுன்னு இருந்தா அது நீர் பிரிக்கற மாத்திரை. நம்ம கிரிக்கெட்ல 2003 உலகக் கோப்பைக்கு முன்னாடி ஷேன் வார்ன் மாட்டினது இந்த ரகத்துலதான், எடை குறைய அம்மா குடுத்த மாத்திரைன்னார், ஒரு வருஷம் தடை. தானா பலம் குடுக்காது, ஆனா சிறுநீரை நீர்க்க வெச்சு வேற எதையாவது மறைக்க உதவும். ராபின்சன் கனோ 2018ல 35 வயசுல இதுல மாட்டினார், டொமினிகன் டாக்டர் ஒருத்தர் வேற உபாதைக்குக் குடுத்ததுன்னு விளக்கம். நானும் அப்போ பாதி நம்பினவன்தான், நல்ல மனுஷன், அழகான ஸ்விங். 2020 நவம்பர்ல, 38 வயசு, இந்தத் தடவை ஸ்டேனோசோலோல். 2021 சீசன் முழுக்க வெளிய, சம்பளம் மட்டும் 2 கோடியே 40 லட்சம் டாலர் போச்சு. முதல் தடவை சொல்ற விளக்கத்தை அவசரப்பட்டு ஏத்துக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்னு சொல்றது இதனாலதான், ரெண்டாவது அறிவிப்பு வந்தா முதல் அறிவிப்போட அர்த்தமே மாறிடும்.

ஸ்டெப் 7: திரும்பி வந்தவங்களையும் தொடர்ந்து பாருங்க

இதைச் சீக்கிரம் முடிச்சுடறேன். கொலோன் தடை முடிஞ்சு 2013ல 40 வயசுல 18 வெற்றி 6 தோல்வி, ஆல் ஸ்டார். 2016ல 43 ஆகறதுக்கு ரெண்டரை வாரம் முன்னாடி வாழ்க்கையோட முதல் ஹோம் ரன் அடிச்சு, அசைஞ்சு அசைஞ்சு பேஸ் சுத்தி வந்தப்போ அமெரிக்காவே சிரிச்சுது, 2012 யாருக்கும் ஞாபகம் வரல. நெல்சன் க்ரூஸ் 2013ல பயோஜெனிசிஸ்ல 50 மேட்ச் வாங்கினவர், 2019ல 39 வயசுல 41 ஹோம் ரன், நடுவுல எத்தனையோ டெஸ்ட், ஒண்ணுலயும் சிக்கல. மருந்து இல்லாமலே இவ்வளவு முடியும்னா அன்னைக்கு எதுக்குய்யா அது?

ஸ்டெப் 8: ஒரு கேஸை நீங்களே போட்டுப் பாருங்க

டேவிட் ஒர்டிஸை எடுத்துக்கோங்க, பழகறதுக்கு நல்ல கேஸு. 2016ல, 40 வயசு, கடைசி சீசன்னு முன்னாடியே சொல்லிட்டு ஆடினார்: .315, 38 ஹோம் ரன், 127 ரன் அடிச்சு உள்ள கொண்டு வந்தார், 48 டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற ஹிட்). நம்பர் மட்டும் பாத்தா அலாரம் அடிக்கும். வேலை என்னன்னு பாருங்க, டெசிக்னேட்டட் ஹிட்டர், ஃபீல்டிங் கிடையாது. கிரவுண்டு, பாஸ்டன் ஃபென்வே பார்க், டபுளுக்குப் பேர்போனது. காலம், வருஷா வருஷம் டெஸ்ட் நடக்கற காலம், ஒரு சஸ்பென்ஷன் இல்ல. ஆனா ஒரு கறை இருக்கு: அந்த 2003 பேரு தெரியாத சர்வே லிஸ்ட்ல அவர் பேரும் இருந்ததா 2009ல செய்தி வந்துச்சு. என்ன பொருள்னு கடைசி வரை யாரும் சொல்லல. 2016ல லீக் கமிஷனர் ராப் மேன்ஃபிரெட், அந்த லிஸ்ட்ல சில முடிவுகள் நிஜமாவே பாசிட்டிவ்தானான்னு அறிவியல் ரீதியா சந்தேகம் இருந்துச்சு, அதை வெச்சு ஒர்டிஸை எடை போடறது நியாயம் இல்லன்னார். கமிஷனர் வந்து இப்படிக் கை குடுக்கற அதிர்ஷ்டம் எல்லாருக்கும் அமையாது, அதையும் குறிச்சுக்கோங்க.

2022ல ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலோட பெரிய ஆளுங்களுக்கான கௌரவப் பட்டியல்) ஓட்டு நடந்துச்சு. உள்ள போக 75 சதவீதம் வேணும், பத்து வருஷம் வரைக்கும் லிஸ்ட்ல இருக்கலாம். ஒர்டிஸுக்கு முதல் வருஷம், 77.9 வாங்கி உள்ள போனார். அதே சீட்டுல பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் பத்தாவது, கடைசி வருஷம், 66.0, 65.2, வெளிய. ஓட்டு போட்டவங்க அதே பத்திரிகையாளர்கள். என் கணக்குல ஒர்டிஸ் கேஸு "ஆவணம் அரைகுறை, சஸ்பென்ஷன் இல்ல", கிளெமென்ஸ் கேஸு "கூட இருந்தவர் சாட்சி, கோர்ட்டுல விடுதலை", பாண்ட்ஸ் கேஸு மூணுல கனமான ஆவணம். உங்க கணக்கு வேற மாதிரி வரலாம், ஆனா எந்த ஸ்டெப்ல பிரியறோம்னு சொல்லத் தெரிஞ்சிருந்தா போதும், அந்த "ம்ம்..." ஆளோட உக்காந்து சண்டை போட நீங்க ரெடி.